கேழ்வரகை மில்லுக்கு எப்படிக் கொண்டுபோவது? அப்படியேவா, கழுவியா, முளைகட்டியா, வறுத்தா?

"ராகியைக் கழுவித்தான் அரைக்கணுமா? வறுத்தால் சத்து போயிடுமா? முளைகட்டினால் ரொம்ப நல்லதாமே?" மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் பாக்கெட் மாவை விட்டுவிட்டு, தானியமாக வாங்கித் தெருமுனை மில்லில் அரைக்கலாம் என்று கிளம்பியவர்கள். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து சென்னையில் தானியம் கிடைப்பதில் குறைவில்லை. வாங்கிவந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம்.

நானும் குழம்பி, 5 கிலோவைப் பாழாக்கியவள்தான். ஒரு நவம்பரில் கேழ்வரகைக் கழுவி மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். வெயில் எட்டிப் பார்ப்பதும் மேகம் மூடுவதுமாக இருந்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. மில்லில் இருந்த அண்ணன் பைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். "ஈரம் இருக்குதுக்கா. இன்னும் ஒரு வெயில் காட்டி எடுத்துனு வா." எனக்கு மறுநாள் ஊருக்குப் போகிற அவசரம். "பரவாயில்லண்ணே, அரைச்சிடுங்க" என்றேன். கால்வாசி ஓடியதும் மிஷின் சத்தம் கனத்துப்போனது. பொலபொலவென்று விழவேண்டிய மாவு திட்டுத்திட்டாக விழுந்தது. அவர் நிறுத்திக் கல்லைத் திறந்தார். ஈர வரட்டி மாதிரி மாவு அப்பிக்கொண்டிருந்தது; கத்தியால்தான் சுரண்ட முடிந்தது. மூன்றாவது வாரம் டப்பாவைத் திறந்தால் அடியில் கட்டி, மக்கின வாடை. கூழுக்குக்கூட ஆகவில்லை.

"அந்த மில் சரியில்லை" என்று மில்லை மாற்றுகிறவர்கள் நிறைய. பத்தில் எட்டு தடவை கோளாறு நாம் கொண்டுபோகும் தானியத்தில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஈரம் முதலில் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். காய்ந்த மணி கல்லுக்கு நடுவில் நொறுங்கும். ஈர மணி நொறுங்காமல் நசுங்கும், பட்டையாகிக் கல்லில் ஒட்டும், உரசலில் சூடேறும், சூட்டில் இன்னும் பிசுபிசுக்கும். தானியத்தைச் சேமிக்க 12 சதவீத ஈரத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அளக்கக் கருவி வேண்டாம். மூட்டையின் அடியிலிருந்து நாலு மணி எடுத்துக் கடியுங்கள். 'கடுக்'கென்று உடையவேண்டும், பல்லில் நசுங்கக் கூடாது. சந்தேகமிருந்தால் நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி தானியமும் ஒரு ஸ்பூன் காய்ந்த தூளுப்பும் போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மில் பக்கம் போகவே வேண்டாம்.

எடைக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. 14 சதவீத ஈரமுள்ள 5 கிலோ தானியம் 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் நிற்பது ஏறக்குறைய 4 கிலோ 780 கிராம். மீதி 220 கிராம் வெறும் தண்ணீர். மில் சூட்டிலும் இன்னும் கொஞ்சம் ஆவியாகும். "மாவை எடுத்துட்டாங்க" என்று மில்காரரோடு சண்டை பிடிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எதற்கு இந்த மாவு என்பது. களிக்கு ஏற்றது குழந்தைக் கஞ்சிக்கு ஏற்காது. பிறகு எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு நைசாக விழும், நமக்கு எவ்வளவு வேலை.

கேழ்வரகைப் பற்றி ஒன்று தெரிந்திருக்கவேண்டும். இதன் உள்பருப்பு மெத்தென்றது. மேல்தோல் அதோடு இறுக ஒட்டியிருக்கும். நெல்லைத் தீட்டுவது மாதிரி இதைத் தீட்ட முடியாது. அதனால்தான் சாமை அரிசி, வரகரிசி என்று கடையில் கேட்கிறோம். கேழ்வரகு அரிசி என்று யாரும் கேட்பதில்லை. முழுசாகவே அரைபடும். கூட மண்ணோ பொடிக்கல்லோ இருந்தால் அதுவும் அரைபட்டு மாவோடு வந்துவிடும்.

## அப்படியே அரைப்பது

கடையில் வாங்கியதை முறத்தில் புடைத்து, தூசு தட்டி, நேரே மில்லுக்கு. ஈரம் குறித்த பயம் இதில் குறைவு. மாவு ஒரே சீராக விழும், கப்பி குறைவு.

கெட்டது என்னவென்றால், சாக்கிலிருந்து அள்ளித் தரும் கேழ்வரகில் மணியின் பருமனிலேயே பொடிக்கல் கலந்திருக்கும். சல்லடையில் நிற்காது, கண்ணுக்கும் தெரியாது. களி கிண்டி வாயில் வைத்ததும்தான் 'நறுக்'கென்று தெரியும். நிறமும் கொஞ்சம் அழுக்காக இருக்கும். கல் நீக்கிச் சுத்தம் செய்த தானியம் என்று விற்பதை வாங்கினால் இந்தக் குறை பெருமளவு தீரும். விலை கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் இந்த வழியின் உண்மையான செலவாகக் கணக்கில் எடுக்கவேண்டும்.

கடையில் வாங்கியது காய்ந்துதான் இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். மழைக்காலத்தில் கடை வாசலில் திறந்துகிடக்கும் சாக்கு காற்றிலிருந்தே ஈரம் இழுத்திருக்கும். கடித்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

## கழுவிக் காயவைத்து அரைப்பது

நம் வீடுகளின் வழக்கமான வழி. எனக்குப் பிடித்ததும் இதுதான், வெயில் இருக்கும்வரை.

அந்தக் காலத்தில் கல் அரிக்க உள்ளே வரிவரியாக இருக்கும் அரிக்கஞ்சட்டி வைத்திருப்பார்கள். இப்போது இரண்டு பாத்திரம் போதும். தண்ணீர் விட்டு ஒரு சுழற்று சுழற்றி, தண்ணீரோடு சேர்த்துத் தானியத்தை அடுத்த பாத்திரத்தில் சாய்க்கவேண்டும். கனமான கல் அடியில் தங்கிவிடும். நாலைந்து தடவை இப்படி மாற்றினால் மண், சொங்கு, தூசு எல்லாம் போய், மணி செங்கல் நிறத்தில் பளிச்சென்று வரும்.

இதில் கவனிக்கவேண்டியது நேரம். ஐந்து நிமிடத்தில் கழுவி வடித்துவிட்டால் தண்ணீர் பெரும்பாலும் தோலோடு நிற்கும். நல்ல வெயிலில் ஒரே நாளில் காயும். "கொஞ்சம் ஊறட்டும், அழுக்கு போகும்" என்று அரை மணி விட்டீர்களானால் உள்பருப்பு குடிக்க ஆரம்பித்துவிடும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் மணி இப்படித்தான் உண்டாகிறது. என் நவம்பர் கேழ்வரகும் அந்த ஜாதிதான்.

மாவு கல்லில்லாமல், வாடையில்லாமல் இருக்கும். களி, ரொட்டி, அடை எல்லாவற்றுக்கும் வரும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வறுக்காத மாவு கரைத்துவைத்தால் தானாகப் புளிக்கும். நன்றாக வறுத்த மாவு அப்படிப் புளிக்காது.

மறைந்திருக்கும் செலவு மொட்டைமாடி. அடுக்குமாடியில் மாடிச் சாவி சங்கத்துக்காரரிடம் இருக்கும், புறா வரும், பக்கத்து மனையில் கட்டடம் எழும்பினால் கழுவியதைவிட அதிக மண் காற்றில் வந்து சேரும். மெல்லிய பருத்தித்துணியால் மூடித்தான் காயப்போட முடிகிறது. சாயங்காலம் 4 மணிக்கு மேல் வெளியே விட்டுவைத்தால் கடல்காற்று காலையில் காய்ந்ததைத் திரும்ப ஈரமாக்கிவிடும்.

## முளைகட்டி அரைப்பது

வேலை மிகுந்தது இதுதான். அடிக்கடி தப்பாகிப்போவதும் இதுதான். பலன் பெரிது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டினால் சென்னை வெக்கைக்கு ஒரு நாளில் பொடி வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதுவே போதும். "இன்னும் நீளட்டும்" என்று மே மாதத்தில் இரண்டாம் நாளும் விட்டால் புளிச்ச வாடைதான் மிச்சம்.

முளை விடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி எழும்புகிறது. மாவுச்சத்தை வெட்டித் துண்டாக்குவது அதன் வேலை. அதனால் இந்த மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டிப்படாமல் நீர்த்து நிற்கும். 6 மாதம் கடந்த குழந்தைக்குச் சின்ன வயிறு. சாதா மாவில் ஒரு ஸ்பூன் போட்டாலே கஞ்சி பசையாகிவிடும். முளைகட்டிய மாவில் அதைவிடக் கூடுதலாகப் போட்டும் விழுங்கும் பதத்தில் வைக்கலாம். சத்துகளை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைவதால் இரும்பும் கால்சியமும் உடம்பில் சேர்வதும் சுலபமாகிறது.

இவ்வளவையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. முளைகட்டி, காயவைத்து, பிறகு "வாசனையா இருக்கட்டும்" என்று கருகக் கருக வறுப்பது. அந்தச் சூட்டில் நொதி செத்துவிடும். மாவு வாசனையாகத்தான் இருக்கும், கஞ்சி பழையபடி கெட்டிப்படும். 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளஞ்சூடு காட்டினால் போதும். காய்ச்சும்போதும் கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டாமல், பச்சைத்தண்ணீரில் கரைத்து மெல்லச் சூடேற்றவேண்டும். நொதிக்கு வேலை செய்ய அவகாசம் வேண்டுமல்லவா.

மில் கோணத்தில் பார்த்தால் இதுவே ஆபத்தானது. இரவு முழுக்க ஊறிய மணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். கழுவியதற்கு ஒரு வெயில் போதும் என்றால் இதற்கு இரண்டோ மூன்றோ வேண்டும். காய்ந்ததா என்பதை முளையே சொல்லும்: உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வேர் தனியே உதிரவேண்டும். வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் காயவில்லை. உதிர்ந்த வேரைப் புடைத்துத் தள்ளிவிடுங்கள், லேசாகக் கசக்கும். இப்படிக் கழிவதாலும், முளைக்கும்போது தானியமே தன் சத்தில் கொஞ்சத்தைச் செலவழிப்பதாலும் 1 கிலோ போட்டால் 1 கிலோ கிடைக்காது.

ஒழுங்காகக் காய்ந்துவிட்டால் அரைபடுவதில் இதற்கு இணையில்லை. மணி உள்ளுக்குள் தளர்ந்திருப்பதால் முகப்பூச்சு மாவு மாதிரி விழும். ஆனால் இதில் களி கிண்டாதீர்கள். பிசுபிசுவென்று இளகி, இனிப்பு தட்டி, உருண்டையே பிடிக்க வராது. வீட்டில் கைக்குழந்தையோ, மெல்ல முடியாத பெரியவரோ இல்லையென்றால் இவ்வளவு பாடு தேவையில்லை என்பேன்.

## வறுத்து அரைப்பது

மிதமான தீயில், அடி பிடிக்காமல் கிளறி, வாசனை வந்து மணி படபடவென்று பொரிய ஆரம்பிக்கும்வரை. ஈரம் இறங்குகிறது, மணி உடைசலாகிறது, பூச்சியும் முட்டையும் ஒழிகிறது. மழைக்காலத்தில் வெயிலுக்குப் பதில் அடுப்பு.

புட்டு, லட்டு, சத்துமாவு ஆகியவற்றுக்கு இந்த மாவு. ரொட்டிக்குப் போட்டால் ஓரம் வெடிக்கும். கொதிநீர் விட்டுப் பிசைந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். மறைசெலவு கேஸும் முதுகும். 5 கிலோவை வாணலி வாணலியாக வறுக்க எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வறுத்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் ஆவி முத்துமுத்தாக நிற்கும், அது திரும்பத் தானியத்திலேயே சொட்டும். முழுக்க ஆறவிட்டு, ஆறியதும் அன்றைக்கே அரைத்துவிடவேண்டும். வறுத்த மணியும் மாவும் காற்றில் ஈரத்தை ஆசையாய் இழுப்பவை.

## இடையில் ஒரு வழி: தண்ணீர் தெளித்துப் பிசறுவது

கம்பு குத்தும் கிராமத்துப் பெண்கள் உரலில் போடும் முன் கை நிறையத் தண்ணீர் தெளித்துப் பிசறுவார்கள். காரணம் இருக்கிறது. ரொம்பக் காய்ந்த தானியத்தில் தோலும் பொடிந்து மாவோடு கலந்துவிடும். பிறகு எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. தோலில் மட்டும் கொஞ்சம் ஈரமிருந்தால் அது உடையாமல் செதில் செதிலாகக் கழன்று நிற்கும், மாவு வெளுப்பாக விழும்.

கேழ்வரகிலும் இதைச் செய்யலாம். ஆனால் 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் என்று எதற்காக இதைக் கொண்டாடுகிறோமோ, அதில் கணிசமான பங்கு அந்தத் தோலில்தான். வெள்ளை இடியாப்பத்துக்காக அதைச் சலித்துக் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. தெளித்த தானியத்தைப் பல மில்களில் கல்லில் போடவும் மாட்டார்கள்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | அப்படியே | கழுவி | முளைகட்டி | வறுத்து |
|---|---|---|---|---|
| ஈரம் தங்கும் ஆபத்து | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| மாவின் நைசு | நன்று | நன்று | மிக நைசு | மிக நைசு |
| கல், மண் | இருக்கலாம் | இராது | இராது | கழுவாமல் வறுத்தால் இருக்கலாம் |
| எதற்கு | களி, கூழ், ரொட்டி | களி, கூழ், ரொட்டி, அடை | குழந்தைக் கஞ்சி, மால்ட் | புட்டு, லட்டு, சத்துமாவு |
| தேவைப்படும் நேரம் | கால் மணி | ஒரு நல்ல வெயில் | 4 நாள் வரை | அரை நாள் |
| மறைந்த செலவு | சுத்தத் தானியத்தின் விலை | மாடி, காவல் | எடைக் குறைவு, கெட்டுப்போகும் அபாயம் | கேஸ், உழைப்பு |

சென்னையைப் பொறுத்தவரை இந்த அட்டவணைக்கு மேலே காலண்டரை மாட்டவேண்டும். பிப்ரவரியிலிருந்து கத்திரி முடியும்வரை கழுவலாம், முளைகட்டலாம், என்னவும் செய்யலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மாலை மழையைப் பார்த்துக்கொண்டு கழுவலாம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கழுவும் ஆசையை விட்டுவிட்டு, சுத்தம் செய்த தானியம் வாங்கி இளவறுப்பாக வறுத்து அரைப்பதுதான் புத்திசாலித்தனம். மழையில் முளைகட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கால் கிலோ, அரை கிலோ என்று செய்து ஃபேனடியில் உலர்த்தி, வாணலியில் இளஞ்சூடு காட்டி மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்ன அளவை மில்லில் போட்டால் பாதி மிஷினுக்குள்ளேயே தங்கிவிடும்.

## கம்புக்கும் மற்றதுக்கும் கணக்கு வேறு

கேழ்வரகில் கொழுப்பு 100 கிராமுக்கு 2 கிராமைத் தொடாது. கம்பில் 5 கிராம். அரைத்ததும் கம்பின் முளைக்கருவிலுள்ள எண்ணெயும் அதைச் சிதைக்கும் நொதியும் ஒன்று கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாவு கசக்கத் தொடங்கும். ஆகவே கம்பை எந்த நிலையில் கொண்டுபோனாலும் ஒரு வாரத்துக்கானதை மட்டும் அரையுங்கள். கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்துக் காயவைத்தாலோ, வறுத்தாலோ அந்த நொதி அடங்கி இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். இங்கே வறுப்பதற்கு என் ஓட்டு.

சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றுக்கு உமி உண்டு. உமி நீக்கிய அரிசியாகத்தான் மில்லுக்குப் போகவேண்டும். அது அரிசி மாதிரியே நடந்துகொள்ளும்; கழுவி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தினால் போதும். வரகில் மட்டும் கூடுதல் கவனம். ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த வரகு விஷமாகும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் செத்தது வரகு தின்றுதான். அவற்றின் உடலில் சைக்ளோபியாசோனிக் அமிலம் இருந்தது தெரியவந்தது. மக்கல் வாடை அடிக்கும் தானியத்தைக் கழுவியும் வறுத்தும் மீட்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும்கூட வைக்கவேண்டாம்.

## மில் வாசலில்

போனதும் முன்னால் யார், என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். மிளகாய்க்குத் தனி மிஷின் இருக்கும். சில இடங்களில் இருக்காது. அரிசிக்குப் பிறகு போடுவது உத்தமம். வீட்டில் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால், முதலில் அரை கிலோ பச்சரிசியை ஓட்டச் சொல்லி அந்த மாவைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது, அவருக்கு மிக்ஸிதான்.

மாவு சூடாகத்தான் வரும். அந்தச் சூட்டோடு எவர்சில்வர் தூக்கை அழுத்தி மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மாடியில் ஒரு நாள் காயவைத்த பாடெல்லாம் மூடிக்கடியில் ஆவியாகி நிற்கும். நான் பழைய வேட்டி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். வந்ததும் ஹாலில் விரித்து, மாவைக் கொட்டி, கையால் பரத்தி, ஒரு மணி நேரம் விடுவேன். அந்த ஒரு மணி நேரம் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு ஃபேனை நிறுத்திவையுங்கள்.